ஞாபகம் தங்காத அறை

மாத்திரை எங்கள் மையத்துக்கு வந்ததற்குக் காரணம் என் முகம்.

நான் வேலை பார்த்தது கோயம்புத்தூர் அவிநாசி சாலையில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருந்த சோதனை மையத்தில். கையைத் தொட்டாலே நோயைச் சொல்வேன், கண்ணை மூடினால் உடம்புக்குள் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் அந்த வருடங்களில் பெருகியிருந்தார்கள். அவர்களை நம்பி மருந்தை நிறுத்திய சிலர் செத்துப்போன பிறகு சட்டம் வந்தது. சோதனையில் தேறினால்தான் அந்தத் தொழிலைச் செய்யலாம். மையம் திறந்ததிலிருந்து ஒருவரும் தேறவில்லை.

சோதனை எளிமையானது. ஆறு தன்னார்வலர்களை முதலில் ஸ்கேன் செய்வோம். அவர்களில் எத்தனை பேருக்கு நோய் என்பது முன்கூட்டி யாருக்கும் தெரியாது. ஒருவருக்குமே இல்லாமலும் இருக்கலாம். படங்கள் கணினியில் பூட்டப்படும். பிறகு ஆறு பேரும் ஆறு திரைகளுக்குப் பின்னால் பேசாமல் உட்காருவார்கள். சோதனைக்கு வந்தவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு திரையின் முன்னும் நின்று, உள்ளே இருப்பவருக்கு நோய் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதே ஆறு பேர், மறுபடி ஸ்கேன், இடம் மட்டும் மாறும். நான்கு அமர்வுகள் சேர்ந்தது ஒரு தொடர். தொடர் முடியும்வரை ஸ்கேன் முடிவு யாருக்கும் சொல்லப்படாது. தனக்கு நோய் என்று தெரிந்தவர் திரைக்குப் பின்னால் வேறு மாதிரி மூச்சு விடுவார் அல்லவா?

மையத்தில் இருந்தது இரண்டே பேர். டாக்டர் ஞானசேகர் அமர்வு நடக்கும்போது விதிப்படி கேமரா அறையை விட்டு வரக்கூடாது. அதனால் ஸ்கேன் எடுப்பதும் நான், ஆறு பேரையும் திரைகளுக்குப் பின்னால் உட்காரவைப்பதும் நான், கண்ணைக் கட்டியவரைத் திரை திரையாக அழைத்துப்போவதும் நான். ஒருமுறை சோதனைக்கு வந்த ஓர் அம்மாள் கண்கட்டை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"நான் எதுக்கு அந்த ஆறு பேரப் பாக்கணும்? இந்தப் பொண்ணு நாலாவது திரைகிட்ட வந்தா எச்சில முழுங்குறா."

டாக்டர் அன்று மதியம் சாப்பிடவில்லை.

"உன் மூஞ்சி ஒரு நோட்டீஸ் போர்டும்மா, சசி," என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குச் சரளமாகப் பேச வராது. முகம்தான் எனக்குப் பதிலாகப் பேசிக்கொண்டிருக்கும் என்பது சின்ன வயதிலிருந்தே தெரியும்.

மூன்று மாதம் கழித்து மாத்திரை வந்தது. வெள்ளை நிறம், சிறியது.

"மயக்கம் வருமா சார்?"

"வராது. நல்லா பேசுவே, வேலை செய்வே, மெஷின் ஓட்டுவே. போட்டதுக்கப்புறம் ஒரு மணி நேரம் நடக்கிறது எதுவும் மனசுல தங்காது. எழுதிக்கிட்டே இருப்பே, பேனாவுல மை இருக்காது. அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் ரெஸ்ட் ரூம்ல உக்காந்திருப்பே. யாருக்கு என்னன்னு உனக்கே தெரியாது. உனக்கே தெரியாதத உன் மூஞ்சி எப்படிம்மா காட்டிக்கொடுக்கும்?"

நான் இயற்பியல் படித்தவள். இல்லாத தகவல் எங்கிருந்தும் கசியாது. சரியாகத்தான் பட்டது.

முதன்முறை போட்டுக்கொண்டபோது ஸ்கேன் அறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்தது நினைவிருக்கிறது. அடுத்த நொடி ஓய்வறை நாற்காலியில் இருந்தேன். எதிரே தேநீர் ஆறிப்போயிருந்தது. பயமாக இல்லை. பஸ்ஸில் தூங்கி எழுந்ததுபோல் இருந்தது.

*

நாச்சிமுத்து அன்னூர் பக்கத்து இடத் தரகர். வெள்ளைச் சட்டை, கையில் காப்பு, வரும்போதே ஒரு டப்பா நிறைய தேன்மிட்டாய்.

"ஏனுங் சார், இந்த டெஸ்டுல பாஸானா சர்டிபிகேட்டுல போட்டோ ஒட்டித் தருவீங்களா?"

"முதல்ல பாஸாகுங்க," என்றார் டாக்டர்.

"ஆயிருவனுங்க. கிரயத்துக்கு வர்றவங்க கையக் குலுக்குனா தெரிஞ்சிருமுங்க எனக்கு. சில பேர்கிட்ட இங்க நெஞ்சு அடைக்கும்." மார்பின் நடுவில் தட்டிக் காட்டினார். "என்ற மாப்பிள்ளை டாக்டருங்க. வீட்டுக்கு வர்ற போறவங்ககிட்டெல்லாம் 'எங்க மாமா எக்ஸ்ரே மெஷின், கரண்டு செலவு இல்ல'ன்னு சொல்லிச் சிரிக்கிறாருங்க. என்ற புள்ளையும் சேர்ந்து சிரிக்குது. அதுதானுங்க தாங்கல."

அவருடைய தொடர் தொடங்க இரண்டு நாள் இருந்தபோது ஆறாவது தன்னார்வலர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வீட்டில் புலம்பினேன். கோகிலா அக்கா கண்ணாடி முன் உட்கார்ந்து யாருடைய கல்யாணத்துக்கோ போட வேண்டிய ஜடையைப் பின்னிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிங்காநல்லூரில் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். கேஸ்காரரிடம் சண்டை போடுவதிலிருந்து என் வேலைக்கான நேர்முகத்துக்கு வாசல்வரை வருவதுவரை, எனக்காகப் பேசுவது அவள்தான்.

"ஓசி ஸ்கேனா? நான் வர்றேன். ரெண்டு மாசமா வயிறு ஒரு மாதிரி கனமா இருக்கு. கேஸ்னு நினைக்கிறேன். பார்த்துச் சொல்லட்டும்."

"உடனே சொல்ல மாட்டாங்கக்கா. தொடர் முடிஞ்சாதான்."

"முடியட்டும். எனக்கென்ன அவசரம்?"

சொந்தக்காரர்களைச் சேர்க்கக்கூடாது என்று ஒரு வழக்கம் இருந்தது. டாக்டரிடம் கேட்டபோது அவர் கையை விரித்தார். "மறக்கத்தானே போறே. அப்புறம் அக்கா என்ன, அடுத்த தெரு என்ன? வரச் சொல்லு."

முதல் அமர்வன்று மாத்திரை போட்டேன். கைப்பிடியைப் பிடித்தேன். ஓய்வறையில் இருந்தேன். கண் இரண்டும் எரிந்தன. கண்ணாடியில் பார்த்தால் இமைகள் தடித்திருந்தன.

"பக்க விளைவா சார்?"

"இருக்கலாம்," என்றார் டாக்டர். அவர் என்னைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தார். "அவரக் கூட்டிட்டு வாம்மா."

நாச்சிமுத்து கண்ணைக் கட்டிக்கொண்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்து அம்மிணி, கல்லு முள்ளு இருந்தா சொல்லு." முதல் திரையில் இல்லை என்றார். இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் நின்றவர் பேச்சை நிறுத்தினார். இன்னொரு கையால் நெஞ்சைப் பிடித்தார்.

"இங்கதானுங்க. இந்த இடந்தான்."

மற்ற மூன்றுக்கும் இல்லை என்று தலையாட்டிவிட்டார்.

அன்று மாலை பஸ்ஸில் அக்கா கேட்டாள். "மூணாவது திரைல நான்தான்டி இருந்தேன். அந்த ஆளு சொன்னது காதுல விழுந்துச்சு. எனக்கு ஒண்ணும் இல்லல்ல?"

சிரித்தேன். "இதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும் இப்படித்தான்க்கா நெஞ்சப் பிடிச்சாங்க. ஒருத்தர்கூட ஜெயிக்கல. எல்லாம் புளுகு."

"படிச்சவ சொன்னா சரி," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏன்டி என் கைய இந்தப் பிடி பிடிச்சிருக்க? வளையல் உடைஞ்சிரும்," என்றாள். நான் பிடித்திருந்தது எனக்கே தெரியவில்லை.

இரண்டாம் அமர்வில் அவர் ஐந்தாவது திரையைச் சொன்னார். அடுத்ததில் முதல் திரையை. கடைசியில் மறுபடி ஐந்தாவதை. அமர்வு முடிந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் அக்கா தன் இடத்தைச் சொல்லிக் கேலி செய்தாள். "அந்த மனுஷனுக்கு என் மேல ஒரு கண்ணுடி. கண்ணக் கட்டிக்கிட்டே கண்டுபிடிக்கிறாரு பாரு."

எனக்கும் உறுத்தத்தான் செய்தது. ஆனால் விடைகள் பூட்டப்பட்டிருந்தன. மற்றவர்களில் யாருக்கு என்ன என்று தெரியாமல் எதையும் கணக்கிட முடியாது. பொறுத்திருக்க வேண்டும், நான்கும் முடிந்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுதான் நான் கற்ற ஒழுங்கு. அக்கா இரவில் வயிற்றில் வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "அதான் உங்க மெஷின் பாக்குதே. இன்னும் ஒரு வாரம்தானே? அதுவே சொல்லட்டும்," என்றாள்.

*

நான்கு அமர்வும் முடிந்து, ஸ்கேன் படங்களின் பூட்டைத் திறந்த மறுநாள் டாக்டர் என்னைக் கேமரா அறைக்கு அழைத்தார். மேசையில் எதுவும் இல்லை. கணினித் திரையில் ஒரு வீடியோ நிறுத்தப்பட்டிருந்தது. தரையிலிருந்து எடுத்தது. இரண்டு ஜோடிக் கால்கள். ஒன்று நாச்சிமுத்துவுடையது, ஒன்று என்னுடையது.

"அவர் நாலு தடவையும் சரியாச் சொல்லியிருக்காரு," என்றார் டாக்டர்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. முதல் ஆள். உலகத்திலேயே முதல் ஆளாக இருக்கலாம். அவர் சொன்ன இடத்திலெல்லாம் உட்கார்ந்திருந்தது யார் என்பது அந்த நொடியில் எனக்கு உறைக்கவில்லை.

"உண்மையாவா சார்?"

"இதைப் பாரு."

வீடியோவை ஓட்டினார். கால்கள் நடந்தன. முதல் திரை, இரண்டாம் திரை. மூன்றாவதற்கு வரும் முன் என் கால் தயங்கியது. அடி குறுகியது. குதிகால் ஒருமுறை பின்னால் போய்விட்டு வந்தது. பிறகு அடுத்த அமர்வு. ஐந்தாவது திரைக்கு முன் அதே தயக்கம். நாச்சிமுத்துவின் கால் என் காலுக்கு அரை நொடி பின்னால் தயங்கியது.

"அவர் கை உன் முழங்கைல. நீ தயங்குனா அவருக்குத் தெரியும். அவரு நோயப் படிக்கல சசி. உன்னப் படிச்சிருக்காரு. அவருக்கே அது தெரியாது."

"எனக்கு எதுவும் தெரியாதே சார். மாத்திரை…"

"மாத்திரை ஞாபகத்த அழிக்குது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "துக்கம் வேற எங்கயோ தங்குது போல. அத நான் யோசிக்கல."

துக்கம் என்ற சொல் என் காதில் தாமதமாகத்தான் விழுந்தது.

"என்ன துக்கம் சார்?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஸ்கேன் ரூம் கேமராவும் இருக்குல்ல சார்? அதப் போடுங்க."

"வேண்டாம்மா. நானே வாயால சொல்லிடறேன்."

"போடுங்க சார்."

அவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

முதல் அமர்வு. நான் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக்கு அப்பால் அக்கா படுத்திருக்கிறாள். "மூச்ச இழுத்துப் பிடிக்கா," என்கிறேன். படம் வருகிறது. இடது சினைப்பையில் ஒரு நிழல். நான் அதைப் பெரிதாக்குகிறேன். இன்னும் பெரிதாக்குகிறேன். எழுந்து கதவுக்கு ஓடுகிறேன். டாக்டர் விதியை மீறி உள்ளே வருகிறார்.

"அது எங்க அக்கா சார்."

"தெரியும்மா. உக்காரு. ஐயோ… உக்காரு முதல்ல." அவருக்கு நாக்குக் குழறுகிறது. "சொன்னா தொடரே செல்லாது. அவங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க. சின்னதாதான் இருக்கு. ஆறே வாரம். நீ… உனக்கு இன்னும் கொஞ்ச நேரத்துல மறந்துரும்மா."

"மறக்கக் கூடாது சார்! மறக்கக் கூடாது!"

மறந்துவிட்டேன்.

இரண்டாம் அமர்வு. அதே நான், அதே நாற்காலி, அதே முகம் உடைவது. "அது எங்க அக்கா சார்." டாக்டர் இந்த முறை தண்ணீரோடு வந்திருந்தார். மூன்றாவதில் நான் பேனாவை எடுத்து உள்ளங்கையில் 'அக்கா வயிறு' என்று எழுதினேன். அவர் என் கையை மென்மையாகப் பிடித்து, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தார். ஒரு குழந்தைக்குக் கை கழுவி விடுவதுபோல. நான்காவதில் நான் வாயைத் திறக்கும் முன்பே, "ஆமா, உங்க அக்காதான்," என்றார். அவர் குரல் தடுமாறவில்லை. எதைச் சொன்னால் நான் எதைக் கேட்பேன், எப்போது கையை உதறுவேன், எப்போது தளர்ந்து உட்காருவேன் என்பதெல்லாம் அவருக்குப் பழகியிருந்தது. நான் மட்டும் ஒவ்வொரு முறையும் முதல்முறையாக அழுதேன்.

நான்காவது படத்தில் நிழல் சினைப்பையோடு நிற்கவில்லை.

"முதல் ஸ்கேன் அன்னைக்கே போயிருந்தா?" என்று கேட்டேன்.

"சசி…"

"சொல்லுங்க சார்."

"நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்." கணினியை அணைத்துவிட்டு, "நான் கெட்டவன் இல்லம்மா," என்றார். நான் அவரைப் பார்த்தேன். கெட்டவராகத் தெரியவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தோன்றியிருக்கும்.

அப்போது அவருடைய கைபேசி ஒலித்தது. நாச்சிமுத்து. டாக்டர் பேச வாயெடுத்து, முடியாமல், ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் வைத்துவிட்டார்.

"சார், வணக்கமுங்க. ரிசல்ட் வந்துருச்சுங்களா? மாப்பிள்ளை பக்கத்துலதான் இருக்காரு. சத்தமாச் சொல்லுங்க."

"நிரூபணம் ஆகலீங்க நாச்சிமுத்து."

அந்தப் பக்கம் யாரோ சிரிப்பது கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம். அவர் வெளியே வந்திருக்க வேண்டும்.

"நான் பொய் சொல்லலீங்க சார். அந்த அம்மிணி கையப் பிடிச்சுட்டுப் போறப்ப, ஒரு இடத்துல நெஞ்சு அடைச்சதுங்க. சத்தியமா அடைச்சதுங்க. அப்ப அது என்னதானுங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "விவரமா எழுதி அனுப்பறேங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் கிளம்பியபோது வாசல்வரை வந்தார். என் கையில் ஒரு மாத்திரையை வைத்து விரல்களை மூடினார்.

"வீட்டுக்குப் போய் அக்காகிட்ட சொல்லணுமில்லம்மா. சொல்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி போட்டுக்கோ. சொன்னதும் அவங்க அழுததும் உனக்குத் தங்காது. என்னால முடிஞ்சது இதுதான்."

அதை அவர் முகத்தில் எறிந்திருக்கலாம். எறியவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் அது என் கைக்குள்ளேயே இருந்தது.

*

அக்கா கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"நில்லு. அப்படியே நில்லு."

நின்றேன்.

"எனக்காடி?"

 நான் சொல்லத் தேவை இருக்கவில்லை.

"வாயத் தொறக்காத." அவள் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "கையில என்ன? நீ போடுவியே, அந்த மாத்திரையா?"

"சார் எனக்குக் குடுத்தாரு. சொல்லும்போது போட்டுக்கச் சொல்லி."

"உனக்கெதுக்குடி? கேக்கறவளுக்குத்தான் வேணும். குடு."

தடுத்திருக்க வேண்டுமோ என்னவோ. கொடுத்துவிட்டேன். அவள் சொம்பை உயர்த்தித் தண்ணீர் குடித்து அதை விழுங்கினாள். கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மாத்திரை பிடிக்கட்டும் என்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம். இப்ப சொல்லு."

நான் மிக மோசமாகச் சொன்னேன். ஸ்கேன் என்று தொடங்கி, நடுவில் நாச்சிமுத்துவைப் பற்றிப் பேசி, சினைப்பை என்ற சொல்லை மூன்று முறை விழுங்கினேன். அவள் என்னைத் திட்டினாள். மையத்தைத் திட்டினாள். "முதல் நாள் எவ்வளவு பெருசு இருந்துச்சு?" என்றாள். சின்னது என்று உண்மையைச் சொன்னேன். ஓங்கிக் கன்னத்தில் அறைந்தாள். பிறகு அதே கையால் என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது எதுவும் எனக்கு ஞாபகம் இருக்காதுல்ல?"

"இருக்காதுக்கா."

"அப்ப சொல்லிடறேன். எனக்கு ரொம்பப் பயமா இருக்குடி. நான் பயந்தேன்னு நாளைக்கு என்கிட்டயே சொல்லாத."

அவள் அழுதது எங்கள் அம்மா இறந்தபோதுகூட நான் பார்த்திராத அழுகை. பிறகு களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். வெகுநேரம் கழித்துத் திறந்தபோது, அந்தக் கண்கள் வீங்கியிருந்தாலும் அமைதியாக இருந்தன. அவள் தன் கன்னத்தின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்க்கா."

"என்ன பண்ணேன் நான்?"

"அழுதே."

"அவ்வளவுதானா?" என் கன்னத்தைப் பார்த்தாள்.  புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி. இப்ப மாத்திரை இல்லாம சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா தெரிஞ்சிருக்கணும்ல."

சொன்னேன். இரண்டாம் முறை நாக்குக் குழறவில்லை. சொற்கள் வரிசையாக வந்தன. முதலில் எதைச் சொல்ல வேண்டும், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. எந்தச் சொல்லில் அவள் உடைவாள் என்பதும் தெரிந்திருந்தது. அந்தச் சொல்லுக்குச் சற்று முன்னால் நிறுத்தி, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.